நைமேகன் சரக்கு

அறுபத்தாறு செப்டம்பரில் லெம்மர் மதகு மூடிக் கிடக்கிறது என்று நான் ஹெஸ்ஸலிடம் சொன்னது கலப்படமில்லாத பொய். க்ரோவ் துறையில் எங்கள் இரண்டு படகுகளும் அடுத்தடுத்துக் கட்டிக் கிடந்தன. எங்களுடையது எபெனேசர், அவனுடையது கீவித். இரண்டும் ஒரே அளவுச் சரக்குப் படகுகள், அன்றைக்கு இரண்டும் காலி, இரண்டுமே ஐசல் ஏரியைக் கடந்து ஆம்ஸ்டர்டாம் போக வேண்டியவை. அங்கே சரக்குக் கூடத்தில் யார் முதலில் போய்ப் பேர் பதிகிறாரோ அவருக்குத்தான் முதல் சரக்கு. அரை மணி நேரம் பிந்தினால் மூன்று வாரம் துறையில் உட்கார்ந்து படகுக்குப் பெயிண்ட் அடிக்கலாம்.

"லெம்மர் மதகுல கதவுச் சங்கிலி அறுந்துடுச்சாம். திங்கக்கிழமைதான் திறப்பாங்களாம். பூர்ஸ்மாவே சொன்னார்" என்றேன், வாய் கூசாமல். கால்வாயிலிருந்து ஏரிக்குப் படகுகளை இறக்கிவிடும் அந்த மதகின் காவல்காரர் பூர்ஸ்மா. பொய் பேசாத மனிதர் என்று பெயரெடுத்தவர், அதனால்தான் அவர் பெயரை இழுத்தேன். என் புருஷன் ஹார்மன் பின்னால் நின்று முகத்தை மரக்கட்டை மாதிரி வைத்துக்கொண்டான். ஹெஸ்ஸல் நம்பி, அடுப்பைப் பற்றவைத்து அப்பம் சுட உட்கார்ந்தான். டீசல் போட்டுவிட்டு வருகிறோம் என்று நாங்கள் நழுவினோம். எங்களுக்கு விதை உருளைக்கிழங்கு கிடைத்தது. அவனுக்கு நான்கு வாரக் காத்திருப்பு.

எங்களை ரொம்பக் கெட்டவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். வரிசைக்காக எல்லோரும் எல்லோரையும் ஏமாற்றுவோம். அதற்கு முந்தைய வருஷம் இதே ஹெஸ்ஸல், "உங்க மாமியா பெட்டி படுக்கையோட ஸ்டேஷன்ல நிக்கிறாங்க" என்று சொல்லி ஹார்மனைப் பன்னிரண்டு கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க வைத்தவன்தான். அப்பக் கதை கூடத்தில் பரவியபோது எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்ததும் அவன்தான். ஹார்மனுக்கு ஒரு கிளாஸ் ஜெனீவர் சாராயம் வாங்கிக் கொடுத்து, என்னைக் கையால் காட்டி, "இனிமே அலீதா மழை பெய்யுதுன்னா, நான் கையை வெளிய நீட்டிப் பாத்துட்டுத்தான் குடை எடுப்பேன்" என்றான். அதோடு அது முடிந்தது. மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாத ஆள் அவன்.

நவம்பர் கடைசியில் மறுபடியும் அதே நிலைமை. ஸ்னேக் ஊரில் இரண்டு படகுகளும் தீவனம் இறக்கிக் காலியாகி, லெம்மர் மதகுக்கு வெளியே ராத்திரி தங்கியிருந்தன. எதிரே வந்த ஒரு படகுக்காரன் சேதி சொல்லிவிட்டுப் போனான்: மறுநாள் மூன்று மணிக்குக் கூடத்தில் நைமேகன் ஊருக்கு ஒரு சோளச் சரக்கு அறிவிக்கப் போகிறார்கள், எங்கள் அளவுப் படகுக்கு, ஒன்றே ஒன்று.

எனக்கு அந்தச் சரக்கு வேண்டும். எப்படியாவது வேண்டும். எங்கள் மகள் ரூலி நைமேகனில் இருந்தாள். படகுக்காரர் பிள்ளைகளுக்கு ஆறு வயதானால் விடுதியில் விட்டுத்தான் படிக்க வைக்க வேண்டும். நானும் அப்படி வளர்ந்தவள்தான். ஆனால் தன் பிள்ளை என்று வரும்போது அந்த ஞாபகம் உதவுவதில்லை. ராத்திரி படுக்கையை நனைக்கிறாள், தட்டை ஒதுக்கிவிடுகிறாள், ஜன்னலில் நின்று ஆற்றில் போகிற படகுகளை எண்ணிக்கொண்டே இருக்கிறாள் என்று விடுதி அம்மா எழுதியிருந்தார். அக்டோபரில் ரயிலேறிப் போய் வரவேற்பறையில் ஒரு மணி நேரம் பார்த்தேன். கிளம்பும்போது என் கோட்டை விட மாட்டேன் என்று பிடித்துக்கொண்டாள். அந்த அம்மாவும் நானுமாக அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். அதை இன்னொரு முறை செய்ய என்னால் முடியாது. நைமேகன் சரக்கு என்றால் படகு அங்கே இரண்டு நாள் நிற்கும். பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கும் டிசம்பர் சிண்டர்கிளாஸ் திருநாளுக்கு அவளைக் கூட்டி வந்து, சொந்தப் படுக்கையில் இரண்டு ராத்திரி தூங்க வைக்கலாம்.

ஹெஸ்ஸலுக்கு நைமேகனில் யாரும் இல்லை. அவனுக்குச் சரக்கு வேண்டும், அவ்வளவுதான். மனைவி ஃபென்னாவுக்கு ஏழு மாதம். படகில் ஏணி ஏறி இறங்க வேண்டாம் என்று அவளை ஸ்னேக்கில் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, நாயை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு தனியாகவே ஓட்டிக்கொண்டிருந்தான். சட்டப்படி அது தப்பு. எல்லா மதகிலும் அவனுக்குக் கயிறு பிடித்துக் கொடுக்க ஆள் இருந்ததால் யாரும் கேட்கவில்லை.

காலையில் ஹெஸ்ஸல் முந்திக்கொண்டான். எங்கள் எஞ்சின் குளிரில் இருமிக்கொண்டு கிடந்தபோது கீவித் மதகுக்குள் போய், மறுபக்கக் கதவு திறந்து, ஏரியில் இறங்கிவிட்டது. நான் ஹார்மனைத் திட்டினேன். ஹார்மன் எஞ்சினைத் திட்டினான். அரை மணி கழித்து நாங்கள் மதகுக்குள் நின்று தண்ணீர் இறங்கக் காத்திருந்தபோது பூர்ஸ்மா கோட்டுகூடப் போடாமல் ஆபீஸிலிருந்து ஓடி வந்தார்.

"ம்மா, கீவித்தை வழியில புடிச்சிருவீங்கல்ல?"

"புடிக்காம விட்டா நான் ஏன் இந்த ஆளோட குடும்பம் நடத்துறேன்?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஃபென்னாவுக்கு விடியக்காலையிலேருந்து ரத்தம் போகுதாம். ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்க. அவ அக்கா இப்பதான் போன் பண்ணுச்சு. நெலமை சரியில்லையாம், ம்மா. அவனை ஒடனே திரும்பச் சொல்லுங்க. நான் இங்க வாசல்லயே கார் புடிச்சு நிறுத்தி வெக்கிறேன்."

எங்கள் மாதிரிப் படகுகளில் அப்போது ரேடியோ கிடையாது. வாயில் வைத்துக் கத்தும் தகரக் குழலும் தொண்டையும்தான். சரி என்றேன். கதவு திறந்ததும் ஹார்மன் எஞ்சினை முழு வேகத்தில் விட்டான். அந்த நிமிஷம் என் மனதில் சரக்கு இல்லை, ரூலி இல்லை. ஃபென்னா மட்டும்தான் இருந்தாள். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு, பிறகு நடந்தது எப்படியானாலும்.

ஏரி அன்றைக்கு அழுக்குச் சாம்பல் நிறத்தில் கிடந்தது. தென்மேற்குக் காற்று எதிரே அடித்தது. காலிப் படகு தண்ணீரில் பதியாது, ஒவ்வொரு அலைக்கும் முன்பக்கம் எழும்பித் தொப்பென்று விழும். அடுப்படியில் தட்டுகள் தடதடவென்று ஆடின. மழையில் கரை இரண்டு பக்கமும் மறைந்துபோக, முன்னால் கீவித்தின் பின்பக்க விளக்கு மட்டும் தெரிந்தது. அதைப் பிடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது.

ஹார்மன் பத்து மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் கொண்டுபோய் நிறுத்தினான். நான் சரக்கு அறையின் மூடுபலகைமேல் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குழலை எடுத்தேன். ஹெஸ்ஸல் சுக்கான் அறை ஜன்னலை இறக்கித் தலையை நீட்டினான். நாயும் நீட்டியது.

"ஹெஸ்ஸல், படகைத் திருப்பு. ஃபென்னா ஆஸ்பத்திரியில இருக்கா."

அவன் முகம் மாறியது. நான் பார்த்தேன். அந்த ஒரு கணம் அவன் நம்பினான்.

"என்னது?"

"ரத்தம் போகுதாம். ஒடனே வரச் சொன்னாங்க. பூர்ஸ்மா சொன்னார்."

அந்தப் பெயரைக் கேட்டதும் அவன் முகம் தளர்ந்தது. பிறகு சிரித்தான். அந்தப் பெயரை நான் சொல்லாமல் இருந்திருந்தால் போதும்.

"பூர்ஸ்மாவா? போன தடவையும் அவருதானே சொன்னாரு? ஊர்ல யார்கிட்டயும் வாயைத் திறக்காத மனுஷன், உன்கிட்ட மட்டும் எவ்வளவு பேசுறாரு."

"வெளையாடலை ஹெஸ்ஸல். அவ அக்கா போன் பண்ணியிருக்கா."

"எந்த அக்கா?"

எனக்குத் தெரியவில்லை. பூர்ஸ்மா பெயர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஃபென்னாவை எனக்குத் தெரியும், அவள் வீட்டு மனிதர்களைத் தெரியாது.

"மூணு அக்கா இருக்காங்க அலீதா. தங்கியிருக்குற வீட்டு அக்கா பேரைச் சொல்லு, இந்த நிமிஷமே திருப்புறேன்."

"பேரு சொல்லலை அவரு."

"அடுத்த தடவை பேரையும் விசாரிச்சு வச்சுக்கிட்டு வா. நேத்து சாயங்காலம் ஏழு மணிக்கு அவகூட போன்ல பேசினேன். ஊறப்போட்ட மீன் வேணும்னு கேட்டா. இன்னும் ரெண்டு மாசம் இருக்கு." பிறகு என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்து, "யோவ் ஹார்மன், நைமேகன் சோளம் வேணும்னா வேணும்னு கேளுய்யா. பொண்டாட்டியை அனுப்பிக் காதுல பூ சுத்தாத" என்றான்.

"நிஜம்தான்டா" என்று ஹார்மன் கத்தினான். அவனுக்கு எப்போதுமே குரல் எழும்பாது. அதுவும் செப்டம்பரில் அவன் வைத்திருந்த அதே மரக்கட்டை முகம்தான், பயத்தில்கூட அவனுக்கு வேறு முகம் கிடையாது.

"என் புள்ள மேல சத்தியம்" என்றேன்.

ஹெஸ்ஸல் சிரிப்பதை நிறுத்தினான். இப்போது கேட்பான் என்று நினைத்தேன்.

"புள்ளையை எல்லாம் இதுல இழுக்காத அலீதா. அது நல்லாயில்ல" என்றான். ஜன்னலை ஏற்றிவிட்டான்.

ஓர் அலை இரண்டு படகையும் நெருக்கித் தள்ளியது. இடிக்காமல் இருக்க ஹார்மன் சட்டென்று வேகத்தைக் கூட்டி விலக்கினான், நாங்கள் முன்னால் வந்துவிட்டோம். நான் நனைந்துபோய்ச் சுக்கான் அறைக்குள் வந்தேன். கண்ணாடி துடைக்கும் கட்டை இப்படியும் அப்படியும் போய் வந்துகொண்டிருந்தது.

"திருப்பட்டுமா?" என்றான் ஹார்மன்.

"எதை?"

"நம்ம படகை. நாம லெம்மருக்குத் திரும்பினா அவனும் திரும்புவான். வெளையாட்டுக்காக எவனும் தன் வரிசையை விடமாட்டான்னு அவனுக்குத் தெரியும். நாம திரும்புறதைப் பாத்தா நம்பிருவான்."

சரியாகத்தான் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் எனக்கும் புரிந்துவிட்டது. எபெனேசர் ஒரு வட்டம் அடித்துத் திரும்ப ஐந்து நிமிஷம். காற்று முதுகுப் பக்கம் இருக்கும், ஒரு மணி நேரத்தில் மதகு. அங்கே கார் நிற்கிறது. பத்தரைக்கெல்லாம் அவன் ஆஸ்பத்திரியில் இருப்பான். எங்களுக்கு அன்றைக்குக் கூடம் கிடையாது, சோளம் வேறு யாருக்காவது போகும், ரூலி டிசம்பர் முழுக்க ஜன்னலில் நின்று படகு எண்ணுவாள்.

ஹார்மன் சுக்கானில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். அவன் என்னைக் கேட்காமல் எதையும் செய்ததில்லை. அதற்காக அவனைப் பலமுறை கேலி செய்திருக்கிறேன். அன்றைக்கு ஒரு தடவை கேட்காமல் செய்திருக்கலாம்.

என் கோட்டைப் பிடித்த அந்த விரல்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன. இன்னொன்றும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்: ரத்தம் போகிறது என்று சேர்க்கிற பெண்களில் பாதிப் பேர் சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார்கள். ஃபென்னா நல்ல திடமான பெண். அப்படியானால் நான் எதற்காகத் திரும்ப வேண்டும்?

"போ" என்றேன். "நாம சொல்லியாச்சு. அவன் கேக்கலைன்னா நாம என்ன பண்றது."

ஹார்மன் பத்து எண்ணும் நேரம் அப்படியே நின்றான். பிறகு முன்னால் திரும்பிக்கொண்டான்.

ஆம்ஸ்டர்டாமுக்கு இன்னும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டியிருந்தது. நான் கீழே போய்ப் பட்டாணி சூப் வைத்தேன். பாத்திரம் அடுப்பில் நிற்காமல் ஆடியது, அதைப் பிடித்துக்கொண்டே நின்றேன். கால் மணிக்கு ஒருமுறை மேலே வந்து பின்னால் பார்த்தேன். மழைக்குள் கீவித் வந்துகொண்டேதான் இருந்தது. திரும்பிவிட மாட்டானா, தானாக ஒரு சந்தேகம் வந்து திருப்பிவிட மாட்டானா என்று ஒவ்வொரு முறையும் வேண்டிக்கொண்டேன். அதாவது அவனும் ஊர் போய்ச் சேர வேண்டும், என் சரக்கும் போகக் கூடாது. இப்படி ஒரு பிரார்த்தனையைக் கடவுள் எந்தக் கணக்கில் வைப்பார் என்று தெரியவில்லை. பதினொரு மணிக்குமேல் நான் மேலே வரவில்லை. சூப்பை யாரும் குடிக்கவில்லை.

ஆம்ஸ்டர்டாம் நுழைவு மதகில் அங்கிருந்தவரிடமும் விஷயத்தைச் சொன்னேன். பின்னால் கீவித் என்று ஒரு படகு வரும், லெம்மருக்கு உடனே போன் பண்ணச் சொல்லுங்கள் என்றேன். அவரும் சொல்லியிருக்கிறார். "உங்களுக்கும் பூ சுத்திட்டாளா?" என்று ஹெஸ்ஸல் அவரிடமும் சிரித்துவிட்டு வந்தானாம்.

கூடத்தில் இரண்டேகாலுக்குப் பேர் பதிந்தோம். எபெனேசர், எங்கள் அளவில் முதல் படகு. பெஞ்சுகளில் நாற்பது ஐம்பது பேர், புகை, ஈரக் கம்பளி வாடை. இருபது நிமிஷம் கழித்து ஹெஸ்ஸல் வந்தான். நாய் பின்னாலேயே வந்தது. தூரத்திலிருந்தே என்னைப் பார்த்து விரலை ஆட்டினான், சின்னப் பிள்ளையை மிரட்டுகிற மாதிரி. பதிவு மேஜையில் இருந்தவர் அவன் பேரைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"லெம்மர் மதகுலேருந்து மூணு தடவை போன் வந்துச்சு உங்களுக்கு" என்றார். தானே நம்பரைச் சுழற்றிக் கொடுத்தார்.

ஹெஸ்ஸல் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். "ஆமா" என்றான். கொஞ்சம் கழித்து மறுபடியும் "ஆமா" என்றான். பிறகு "எத்தனை மணிக்கு?" என்று கேட்டான். போனை வைத்துவிட்டுத் திரும்பி, நேரே என்னிடம் வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒன்றரை மணிக்குப் போயிட்டாளாம்" என்றான். "கொழந்தை இருக்காம். பொண்ணு." பிறகு, "நீ சொன்னது நிஜம் அலீதா" என்றான், நான் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல.

யாரோ ஒருவர் தன் காரில் அவனைக் கூட்டிப் போனார். ஹார்மன் போய்க் கீவித்தைச் சரியாகக் கட்டிவிட்டு நாயைப் பிடித்து வந்தான். மூன்று மணிக்கு மணி அடித்தார்கள். சரக்குகளை வரிசையாகப் படித்தார்கள், எப்போதும் படிக்கிற அதே குரலில். நைமேகன், சோளம், இருநூற்று எண்பது டன், எபெனேசர். ஹார்மன் குனிந்து நாயின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. சரக்கு படித்தவர் இரண்டாம் முறையும் எங்கள் பேரைப் படித்தார். கையைத் தூக்கியது நான்தான்.

இனி இதையும் கேளுங்கள். நைமேகனில் ரூலி துறைக்கு ஓடி வந்தாள். இரண்டு ராத்திரியும் தன் படுக்கையில் கையைக் காலைப் பரப்பிக்கொண்டு தூங்கினாள், ஒரு சொட்டுக்கூட நனைக்கவில்லை. எங்கள் தட்டிலிருந்தும் எடுத்துச் சாப்பிட்டாள். திரும்பக் கொண்டுபோய் விட்டபோது கோட்டைப் பிடிக்காமல் கையாட்டினாள். அதற்குப் பிறகு விடுதியிலிருந்து அந்த மாதிரிக் கடிதம் வரவே இல்லை. நான் எதற்காகப் போனேனோ அது எனக்கு முழுசாகக் கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தால் அதைத் தண்டனையாகவாவது எடுத்துக்கொண்டிருப்பேன்.

ஃபென்னாவை அடக்கம் செய்த அன்று நாங்கள் ஆற்றில் இருந்தோம். வசந்த காலத்தில் ஸ்னேக் போனபோது அந்த அக்காவைப் போய்ப் பார்த்தேன். அவர் பெயர் டெட்யே. எனக்குக் காபி கொடுத்து, கைக்குழந்தையையும் மடியில் கொடுத்தார். "ஒரு மணி வரைக்கும் நெனவு இருந்துச்சுங்க. கீவித் வந்துருச்சா, வந்துருச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தா" என்றார். அழவில்லை, சும்மா சொன்னார். பிறகு, "நீங்க அந்த மழையில தொண்டை கிழியக் கத்திச் சொன்னீங்களாமே, ஹெஸ்ஸல் சொன்னான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஹெஸ்ஸல் இதை எல்லோரிடமும் சொன்னான். கூடத்தில், மதகுகளில், டீசல் விற்கும் படகில், எங்கே என் பேச்சு வந்தாலும் சொன்னான். யாராவது பழைய அப்பக் கதையை எடுத்தால் முகம் கறுத்துவிடும். "அலீதா வந்து சொன்னா. புள்ள மேல சத்தியம் பண்ணிச் சொன்னா. நான்தான் கேக்கலை" என்பான். அதன்பிறகு நான் எதைச் சொன்னாலும் நம்பினான். மூடுபனியில் அந்தப் பக்கம் படகு வரவில்லை என்றால் தலையை நீட்டிப் பார்க்காமலே திருப்புவான். தலைவலிக்கு இந்த மாத்திரை என்றால் அட்டையைக்கூடப் படிக்காமல் விழுங்குவான். மற்றவர்கள் ஏதாவது கதை விட்டால், "அலீதாகிட்ட கேட்டுக்கிறேன்" என்று என் பக்கம் திரும்புவான். எனக்கு விளையாட்டே விட்டுப்போயிற்று. கூடத்தில் என்னை ரொம்ப மாறிவிட்டாள் என்றார்கள், நல்ல அர்த்தத்தில்.

ஹார்மனும் நானும் அந்த நாளைப் பற்றி வாயே திறக்கவில்லை. எஞ்சின், சாப்பாடு, ரூலி, சரக்கு என்று வீட்டில் பேச வேறு நிறைய இருந்தது. ஒரே ஒரு மாற்றம்: படகில் எதுவானாலும் என்னைக் கேட்டுச் செய்கிறவன், அதற்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டான்.

எழுபத்தொன்பது ஜனவரியில் கால்வாய்கள் உறைந்துபோயின. க்ரோவுக்கு வெளியே எபெனேசரும் கீவித்தும் இன்னும் ஆறு படகுகளும் பனிக்கட்டிக்குள் மாட்டிக்கொண்டு பதினொரு நாள் அசையவில்லை. தினமும் காலையில் ஹெஸ்ஸல் பனிமேல் நடந்து எங்கள் படகுக்குக் காபி குடிக்க வருவான். அவனுக்கு முடி நரைத்துவிட்டது. மகளுக்குப் பன்னிரண்டு வயது, அவளும் விடுதியில்தான் படித்தாள், பெயர் ஃபென்னாதான். ஒரு நாள் அவளுடைய புதுப் படம் ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். அம்மாவின் அதே அகலமான நெற்றி. ஹார்மன் எதிரே உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும் அலீதா" என்றான் ஹெஸ்ஸல். "தப்பா எடுத்துக்காத. பன்னெண்டு வருஷமா எனக்குள்ளயே ஓடிக்கிட்டிருக்கு."

"கேளு."

"அன்னைக்கு ஏரியில. நான் ஜன்னலை ஏத்திட்டேன், நீங்க முன்னாடி போயிட்டீங்க. நீங்க மட்டும் படகைத் திருப்பியிருந்தா நானும் பின்னாலயே திருப்பியிருப்பேன். எப்படியும் திருப்பியிருப்பேன். நான் உங்களைத்தான் பாத்துக்கிட்டே வந்தேன்." படத்தை ஓரமாக நகர்த்தினான். "குத்தம் சொல்லலை. குத்தமெல்லாம் என் மேலதான். ஆனா அப்படி ஒண்ணு செய்யலாம்னு உனக்குத் தோணவே இல்லையா?"

ஹார்மனின் கத்தி நின்றது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. பாதி உரித்த கிழங்கு கையில் இருந்தது, தோல் அதிலிருந்து தொங்கியது. வெளியே பனிக்கட்டி எங்கோ விரிசல் விடுகிற சத்தம் கேட்டது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"இல்ல ஹெஸ்ஸல்" என்றேன். "தோணலை."

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மூச்சை விட்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

"அதானே" என்றான். "தோணியிருந்தா நீ திருப்பியிருப்ப."

நம்பிவிட்டான். ஹார்மன் மறுபடியும் உரிக்க ஆரம்பித்தான். ஹெஸ்ஸல் இன்னும் கொஞ்சம் காபி இருக்கிறதா என்று கேட்டான்.